கண்டக்டர் இறங்கிப் போன பிறகு

லண்டன் மாநகரத்தின் வீதிகளில் ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் ஓடிப் பெயர் பெற்ற ரூட்மாஸ்டர் என்னும் சிவப்பு மாடி பஸ்ஸை நேரிலோ படத்திலோ பார்த்தவர்கள் அதன் முகத்தில் ஒரு விசேஷத்தைக் கவனித்திருப்பார்கள். முன்புறத்தில் பாதி அகலத்துக்குத்தான் டிரைவரின் கூடு. மறுபாதி எஞ்சினுக்கு உரியது. அந்தக் கூட்டுக்குள் ஏறுவதற்கு வெளிப்புறத்தில் தனிக் கதவு உண்டு. ஜனங்கள் உட்காரும் பகுதியிலிருந்து அங்கே போவதற்கு வழி கிடையாது. சில்லறைக்காகச் சண்டை போடுகிறவரும், இறங்க வேண்டிய இடம் தப்பிப்போய்க் கூச்சலிடுகிறவரும், குடித்துவிட்டு ஏறுகிறவரும் டிரைவரின் கண்ணில் படுவதே அபூர்வம். அவர்களையெல்லாம் சமாளிப்பதற்குப் பின்புறத்துத் திறந்த படியருகே கண்டக்டர் ஒருவர் இருந்தார். அவர் ஒருமுறை மணி அடித்தால் வண்டி நிற்கும், இருமுறை அடித்தால் புறப்படும்.

1829 ஜூலை 4 அன்று ஜார்ஜ் ஷில்லிபியர் என்பவர் லண்டனில் பாடிங்டனிலிருந்து பாங்க் என்னும் இடம் வரையில் மூன்று குதிரைகள் பூட்டிய பொது வண்டியை முதன்முதலாக ஓட்டுவித்தபோதே இந்த இரட்டை உத்தியோகம் பிறந்துவிட்டது. முன்னே உயரத்தில் அமர்ந்து கடிவாளம் பிடிப்பவர் ஒருவர். பின்னே நின்று ஆளை ஏற்றி இறக்கிக் காசு வாங்குபவர் இன்னொருவர். குதிரை போய் எஞ்சின் வந்த பிறகும், மரச் சக்கரம் போய் ரப்பர் சக்கரம் வந்த பிறகும் இந்த ஏற்பாடு மாறவில்லை.

மாறியது சிக்கனத்தினால். அமெரிக்காவில் முதல் உலக மகாயுத்த காலத்திலேயே, சார்ல்ஸ் பிர்னி என்ற பொறியாளர் அமைத்த சிறிய டிராம் வண்டி, ஒரே ஆள் ஓட்டவும் காசு வாங்கவும் தோதாக வந்து, டிராம் கம்பெனிகளின் சம்பளச் செலவைக் குறைத்தது. பிரிட்டனில் மாடி பஸ்களை ஒரே ஆள் நடத்துவதற்கு 1966-இல்தான் அனுமதி கிடைத்தது. ஆனால் இரண்டே ஆண்டுகளில், 1968-ஆம் வருஷத்துப் போக்குவரத்துச் சட்டத்தின்படி, கண்டக்டர் இல்லாமல் ஓட்டுவதற்கு ஏற்ற புதிய பஸ்களை வாங்குகிறவர்களுக்குச் சர்க்காரே மானியம் கொடுக்க முன்வந்துவிட்டது. பின்புறத்துப் படி மறைந்தது. முன்புறத்தில் டிரைவரின் முழங்கையை ஒட்டினாற்போல் வாசல் வந்தது. ரூட்மாஸ்டர் மட்டும் வீம்பாக 2005 டிசம்பர் 9 வரையில் தாக்குப்பிடித்து, 159-ஆம் எண் தடத்தில் தன் கடைசி வழக்கமான ஓட்டத்தை முடித்துக்கொண்டது.

கணக்குப் புத்தகத்தில் இது ஒரு சம்பளத்தின் மிச்சம். கண்டக்டர் வாங்கிக்கொண்டிருந்த வசவுகளும் அடிகளும் அந்தக் கணக்கில் எந்தப் பத்தியிலும் எழுதப்படவில்லை. அவை டிரைவரின் பெயருக்கு மாறிவிட்டன. கட்டணத்தை உயர்த்தியவர்கள் எங்கோ ஓர் ஆபீஸில் இருக்கிறார்கள். விதியை எழுதியவர்கள் அதற்கும் அப்பால் இருக்கிறார்கள். கைக்கு எட்டுகிற தூரத்தில் இருப்பவர் டிரைவர் ஒருவரே. ஸ்டியரிங்கை விட்டு எழுந்திருக்க முடியாமல், முதுகைச் சுவருக்கும் விலாவை வாசலுக்கும் கொடுத்து உட்கார்ந்திருக்கும் ஒரு மனிதரை அடிப்பதற்கு வீரம் எதுவும் வேண்டியதில்லை.

1968-ஆம் ஆண்டில் வாஷிங்டன் நகரத்தில் நடந்தது இந்த வரலாற்றில் முக்கியமான கட்டம். ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொலையுண்டதை அடுத்து நகரம் தீப்பற்றி எரிந்து அடங்கிய சமயம் அது. பஸ் டிரைவர்கள் பிரயாணிகளுக்குச் சில்லறை கொடுப்பதற்காகப் பணத்தைக் கூடவே வைத்துக்கொண்டு இரவெல்லாம் வண்டி ஓட்டினார்கள். ஆகவே அவர்களிடம் வழிப்பறி அடிக்கடி நடந்தது. மே 17 அன்று டிரைவர் ஒருவர் கொள்ளைக்காரர்களால் சுட்டுக் கொல்லப்பட்டார். கையில் பணத்துடன் இரவில் இனி வண்டி எடுப்பதில்லை என்று சகாக்கள் நின்றுவிட்டார்கள். கம்பெனியார் வேறு வழியின்றி ஒரு புதுமைக்கு உடன்பட்டனர்: டிரைவரிடம் இனிக் காசே இருக்காது; பிரயாணி சரியான கட்டணத்தைத் தாமே பூட்டிய பெட்டியில் போட வேண்டும்; கூடுதலாகப் போட்டவருக்கு ஒரு சீட்டு தரப்படும், அதைப் பிறகு காட்டிப் பணமாக்கிக்கொள்ளலாம். இந்தத் திட்டம் ஊர் ஊராகப் பரவி, 1969 ஆகஸ்ட் 31 முதல் நியூயார்க் நகரத்திலும் அமலுக்கு வந்தது. இன்று அமெரிக்க பஸ்ஸில் ஏறி, பெரிய நோட்டை நீட்டி, மீதி கிடையாது என்ற பதிலைக் கேட்டு முகம் சுளிக்கும் நம்மவர்களில், அந்த விதிக்குப் பின்னால் ஒரு டிரைவரின் உயிர் இருக்கிறது என்பதை அறிந்தவர்கள் சிலரே. நமது ஊரில் கண்டக்டர் மீதியைக் கொடுக்கச் சில்லறை இல்லாதபோது டிக்கெட்டின் முதுகில் தொகையைக் கிறுக்கிக் கொடுத்துவிடுகிறார். இறங்கும்போது அதைக் கேட்டு வாங்கும் ஞாபகசக்தி நமக்கு இருந்தால் போதும். வாஷிங்டன்காரர்கள் அதே காரியத்துக்கு அச்சடித்த சீட்டும் ஆபீஸும் ஏற்படுத்த வேண்டியிருந்தது. அந்தச் சிரமத்தை நகரத்து ஜனங்கள் பொறுத்துக்கொண்டார்களே, அதையும் டிரைவர்களுக்கு அவர்கள் செய்த உபகாரம் என்றுதான் நான் எண்ணுகிறேன்.

பணம் போயிற்றே ஒழியத் தகராறு போகவில்லை. 2008 டிசம்பர் முதல் நாள் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில், கட்டணம் செலுத்தாமல் ஏறிய ஒருவன் அடுத்த பஸ்ஸுக்கான மாற்றுச் சீட்டைக் கேட்டு, டிரைவர் மறுத்ததற்காக அவரைக் குத்திக் கொன்றான். அதன் பிறகு டிரைவரைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்பு வைக்கும் ஏற்பாடு அங்கே வேகம் கண்டது. ரூட்மாஸ்டரின் கூட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, அதையே வேறு பெயரில் திரும்பவும் மாட்டிக்கொள்கிறார்கள் என்றுதான் இதைச் சொல்லத் தோன்றுகிறது. கனடா தேசத்தார் வேறு மார்க்கத்தைப் பின்பற்றி, பொதுப் போக்குவரத்து டிரைவரைத் தாக்குவது தண்டனையை அதிகரிக்கத்தக்க காரணம் என்று 2015 பிப்ரவரியில் தங்கள் குற்றவியல் சட்டத்தில் சேர்த்தார்கள்.

பிரான்ஸ் தேசத்தில், சகா அடிபட்டால் மற்ற டிரைவர்கள் வண்டி எடுக்காமல் நிற்பது தனிப்பட்ட ஒரு வழக்கமாகவே வளர்ந்திருக்கிறது. அங்கே 1982 டிசம்பர் 23-ஆம் தேதிச் சட்டம் ஒன்று, தொழிலாளர் துறை மந்திரி ஜான் ஓரூவின் பெயரால் வழங்கும் சட்டங்களில் சேர்ந்தது, தொழிலாளிக்கு விலகும் உரிமை என்ற ஒன்றைத் தந்தது. தம் உயிருக்கோ உடலுக்கோ கடுமையான அபாயம் உடனடியாக நேரும் என்று நம்புவதற்கு நியாயமான காரணம் இருக்குமானால், தொழிலாளி வேலையை விட்டு விலகி நிற்கலாம். அதற்காகச் சம்பளம் பிடிக்கவோ தண்டிக்கவோ கூடாது. இது வேலை நிறுத்தம் ஆகாது. போக்குவரத்தில் வேலை நிறுத்தத்துக்கு முன்னறிவிப்பு வேண்டும். 2007-ஆம் வருஷத்துச் சட்டப்படி ஒவ்வொரு தொழிலாளியும் 48 மணி நேரத்துக்கு முன்பே தம் எண்ணத்தைத் தெரிவிக்கவும் வேண்டும். காலையில் சகா ஒருவர் அடிபட்டால் மத்தியானம் பஸ்களை நிறுத்துவதற்கு விலகும் உரிமை ஒன்றுதான் வழி. ஆகையால், டிரைவர் தாக்கப்பட்டார் என்ற செய்தி வந்ததும் டிப்போவை விட்டு வண்டிகள் கிளம்பாதிருப்பது அங்கே சகஜமாயிற்று. அபாயம் எத்தனை நாள் வரை உடனடி அபாயம், எந்த நாளிலிருந்து அது சாக்கு என்பது பற்றி நிர்வாகமும் சங்கமும் இன்றளவும் வாதாடிக்கொண்டிருக்கின்றன.

2020 ஜூலை 5 ஞாயிறு மாலையில், ஸ்பெயின் எல்லைக்கு அருகிலுள்ள பயோன் நகரத்தில், ஐம்பத்தொன்பது வயது டிரைவர் ஒருவர் பஸ் நிறுத்தம் ஒன்றில் தாக்கப்பட்டார். கொரோனா காலம், பொது வாகனங்களில் முகக்கவசம் கட்டாயமாகி இரண்டு மாதமாகவில்லை. டிக்கெட்டைக் காட்டச் சொன்னதும், முகக்கவசம் அணியாதவர்களை அணியச் சொன்னதுமே அவர் செய்த குற்றம். அந்த விதியை இயற்றியது பாரிஸ். அதற்காக அடிபட்டது பயோன் டிரைவரின் தலை. மூளை செயலிழந்த நிலையில் ஆஸ்பத்திரியில் கிடந்து ஜூலை 10 அன்று அவர் இறந்தார். சகாக்கள் விலகும் உரிமையைப் பயன்படுத்தி நின்றுவிட, பஸ் போக்குவரத்து ஸ்தம்பித்தது.

அவர் உயிர் இன்னும் இழுத்துக்கொண்டிருந்தபோதே, ஜூலை 8 அன்று, அவர் அடிபட்ட நிறுத்தத்திலிருந்து ஊர்வலம் ஒன்று புறப்பட்டது. முன்னே மனைவியும் மூன்று புதல்வியரும். பின்னே ஆயிரக்கணக்கான ஊர்ஜனங்கள். யாவரும் வெள்ளை உடுப்பு. பஸ் ஓடாததால் அந்த வாரம் கால்நடையாக அலைந்தவர்கள் அந்த ஊர்ஜனங்கள்தாம் என்பதை மறந்துவிடலாகாது. கோஷங்களும் கொடிகளும் பெரிதாக இல்லாத இந்த வெள்ளை ஊர்வலம் பெல்ஜியத்திலிருந்து வந்த வழக்கம். 1996 அக்டோபர் 20 அன்று, சிறுமிகள் கடத்திக் கொல்லப்பட்ட வழக்கில் நீதித் துறையின் மெத்தனத்தைக் கண்டு மனம் கொதித்த சுமார் மூன்று லட்சம் பேர் பிரஸ்ஸல்ஸ் வீதிகளில் வெண்மை ஒன்றையே அடையாளமாகக் கொண்டு நடந்தார்கள். அதே பிரஸ்ஸல்ஸில் 2012 ஏப்ரலில் போக்குவரத்து மேற்பார்வையாளர் ஒருவர் ஒரு விபத்தை விசாரிக்கப் போன இடத்தில் அடித்துக் கொல்லப்பட்டபோது, பஸ், டிராம், மெட்ரோ எல்லாம் நாள் கணக்கில் நின்று, கூடுதல் போலீஸ் போடுவதாகச் சர்க்கார் வாக்களித்த பிறகே ஓடின.

இந்தியர் ஒருவரின் கதையும் இதில் சேர்ந்திருக்கிறது. 2016 அக்டோபர் 28 காலையில் ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரத்து மூரூக்கா என்னும் பகுதியில், பஞ்சாபிலிருந்து சென்று அங்கே பஸ் ஓட்டிக்கொண்டிருந்த இருபத்தொன்பது வயது இளைஞர்மீது ஒருவன் தீப்பற்றும் பொருளை வீசினான். பாடகராகவும் கவிஞராகவும் தம் சமூகத்தாரிடையே அறிமுகமான அவர் இருக்கையிலேயே இறந்துபோனார். முன் வாசல் தீயில் அடைபட்டு, பின் கதவு திறக்காமல் பிரயாணிகள் உள்ளே தவித்தபோது, தெற்கு சூடானிலிருந்து வந்து குடியேறிய டாக்ஸி டிரைவர் ஒருவர் ஓடிவந்து அந்தக் கதவைக் காலால் உதைத்துத் திறந்து அவர்களைக் காப்பாற்றினார். நகர மண்டபத்தின் கொடிகள் அரைக்கம்பத்தில் பறந்தன. சம்பவம் நடந்த இடத்தில் ஜனங்கள் பூங்கொத்துக்களைக் குவித்தார்கள். மறு ஆண்டில் மூரூக்காவிலேயே ஒரு பூங்காவுக்கு அவர் பெயர் இடப்பட்டது. தாக்கியவன் சித்தசுவாதீனம் இல்லாதவன் என்று பின்னர் நீதிமன்றம் முடிவு செய்தது.

நமது தமிழ்நாட்டில் கண்டக்டர் இன்னும் இறங்கிப் போகவில்லை. ‘ஹோல்டான்’ என்று நிறுத்தவும், ‘ரைட், போலாம்’ என்று கிளப்பவும், படிக்கட்டில் தொங்கும் மாணவர்களை அதட்டவும் அவர் இருக்கிறார். அடியில் பாதி அவருக்கே விழுகிறது. டிரைவரிடம் நம் ஜனங்களுக்குள்ள உறவு விசித்திரமானது. பஸ்ஸே பார்க்காத கிராமத்துக்கு முதல் பஸ் வருகிற அன்று, வண்டிக்கு வாழை கட்டி, டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மாலை போட்டு, ஆரத்தி எடுப்பார்கள். அதே தடத்தில் ஒரு கன்றுக்குட்டி அடிபட்டாலும், மாலை போட்ட கைகளே ஓங்கும். டிரைவர் வண்டியை விட்டு ஓடிப் போலீஸ் ஸ்டேஷனில் சரணடைவது நம் நாட்டில் எவ்வளவு பழகிப்போன காட்சி என்பதற்குச் சட்டமே சாட்சி: 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 134-ஆம் பிரிவு, விபத்தில் காயமுற்றவருக்கு டிரைவர் வைத்திய உதவி கிடைக்கச் செய்ய வேண்டும் என்று விதித்துவிட்டு, கூட்டத்தின் ஆவேசத்தால் அது இயலாமற்போனாலொழிய என்று விலக்கும் கொடுத்திருக்கிறது.

விபத்து எதுவும் இல்லாமல், வழி விடவில்லை என்றோ கை காட்டிய இடத்தில் நிறுத்தவில்லை என்றோ டிரைவரை ஒருவன் அடித்துவிட்டால் நடப்பது வேறு. அடிபட்டவர் வண்டியைச் சாலைக்குக் குறுக்கே நிறுத்திவிடுவார். பின்னால் வருகிற ஒவ்வொரு டிரைவரும் விஷயத்தைக் கேட்டுத் தம் பஸ்ஸையும் அதன் பின்னால் நிறுத்திவிட்டு இறங்குவார். இதற்குப் பிரான்ஸைப் போல எழுதிய சட்டம் ஏதும் இல்லை; சங்கங்கள் கட்சிவாரியாகப் பிரிந்து கிடந்தாலும் அந்த ஒரு மணி நேரத்துக்கு வித்தியாசம் இருப்பதில்லை. ஸ்டேஷனில் புகார் எழுதிப் பதிவானதற்கு அத்தாட்சி கைக்கு வரும் வரையில் வண்டி நகராது. அரசு ஊழியரைப் பணி செய்யவிடாமல் தாக்கியது என்ற பிரிவைச் சேர்த்தார்களா என்பதில் எல்லோருக்கும் கண். முன்பு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 353, இப்போது அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சங்கிதையின் 132. உள்ளே இருக்கும் பிரயாணிகளில் பாதிப் பேர் முணுமுணுப்பார்கள். பாதிப் பேர் இறங்கி வந்து, ‘நான் பார்த்தேன் சார், டிரைவர் மேல தப்பே இல்ல’ என்று இன்ஸ்பெக்டரிடம் சொல்வார்கள். அவர்களுக்கெல்லாம் முன்பாக, பையை இடுக்கிக்கொண்டு, எந்த நிறுத்தத்தில் எத்தனை டிக்கெட் கொடுத்தபோது என்ன நடந்தது என்று வரிசையாக எழுதிக்கொடுக்கும் முதல் சாட்சி கண்டக்டர்.

2018-இல் இங்கேயும், புறப்படும் இடத்திலேயே டிக்கெட் கொடுத்து முடித்து, வழியில் எங்கும் நிற்காமல் போகும் கண்டக்டரில்லாத பஸ்களை அரசுப் போக்குவரத்துக் கழகங்கள் சில தடங்களில் விட்டுப் பார்த்தன. நடுவழியில் குறுக்கே பைக்கை நிறுத்தி ஒருவன் ஏறி அடித்தால், அந்தப் புகாரில் சாட்சியென்று முதலில் யார் கையெழுத்துப் போடுவது என்பதற்கு அந்தத் திட்டத்தில் இடம் ஒதுக்கியதாகத் தெரியவில்லை.