கசிந்த நீரும் கடமைப்பட்ட ஈடும்: நொய்யல் வழக்கு நமக்குச் சொல்வது

மாடி வீட்டுக் குழாய் கசிகிறது. கீழ்வீட்டுச் சுவர் ஊறிப் பூச்சு உதிர்கிறது. கீழ்வீட்டார் முறையிட்டால் மேல்வீட்டாரிடமிருந்து வரும் பதில்கள் பெரும்பாலும் ஒரே வரிசையில் வருகின்றன. "நாங்கள் வேண்டுமென்றா செய்தோம்?" என்பது முதற்பதில். "குழாயைத்தான் மாற்றிவிட்டோமே" என்பது இரண்டாவது. "ஏதோ ஒரு தொகை தருகிறோம், இதோடு விட்டுவிடுங்கள்" என்பது மூன்றாவது. நம் மஹல்லாக்களில் ஜமாஅத் பெரியவர்கள் முன் வரும் அண்டை வீட்டு வழக்குகளில் இந்த மூன்றையும் நாம் கேட்டிருக்கிறோம்.

இம்மூன்று பதில்களும் எந்த அளவுக்குச் செல்லும்? நோக்கம் இல்லையென்றால் பொறுப்பும் இல்லையா? கசிவை நிறுத்திவிட்டால் கடமை தீர்ந்ததா? பணம் கொடுத்துவிட்டால் கணக்கு முடிந்ததா? வேலம்பாளையத்திலும் அதைச் சூழ்ந்த திருப்பூரிலும் வாழும் நாம் இதற்கு விடை தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. இதே வழக்கு, ஒரு சுவருக்காக அன்றி ஓர் ஆற்றுப்படுகைக்காக, நம் கண்முன்னே நடந்தது.

நொய்யலில் நடந்தது

வெள்ளியங்கிரி மலையில் பிறந்து கோவை, திருப்பூர் வழியாக ஓடிக் கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கும் ஆறு நொய்யல். பனியன் தொழில் பெருகியபோது சாயப்பட்டறைகளும் பிளீச்சிங் பட்டறைகளும் பெருகின. பருத்தித் துணியில் சாயம் ஏறிப் பிடிக்க உப்பு ஏராளமாக வேண்டும். துணி சாயத்தை எடுத்துக்கொள்ளும். உப்போ நீரிலேயே தங்கிவிடும். வழக்கமான சுத்திகரிப்பில் நிறத்தைக் குறைக்கலாம். கரைந்துபோன உப்பை நீக்க இயலாது. ஆகவே, பார்வைக்குத் தெளிந்த நீரும் உப்பைச் சுமந்தே ஆற்றில் இறங்கியது.

1992-ஆம் ஆண்டு சென்னிமலைக்கு அருகே ஒரத்துப்பாளையத்தில் நொய்யலின் குறுக்கே அணை கட்டி முடிக்கப்பட்டது. பத்தாயிரம் ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்துக்குப் பாசனம் தருவது அதன் நோக்கம். ஆனால் சில ஆண்டுகளிலேயே அது சாயக்கழிவு நீர் தேங்கும் இடமாயிற்று. தேங்கிய நீர் மண்ணுக்குள் இறங்கியது. சுற்றிலும் இருந்த கிணறுகள் உவர்த்தன. பாசனத்துக்கென்று கட்டிய அணையின் நீரையே உழவர்கள் வேண்டாமென்று மறுக்கும் நிலை வந்தது. மேலே இருந்தவரின் நீர் கீழே இருந்தவரின் உடைமைக்குள் கசிந்து அதைக் கெடுத்தது என்பதே இவ்வழக்கின் சுருக்கம்.

"வேண்டுமென்றா செய்தோம்?"

இந்தப் பதிலை உலகின் நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கேட்டு வருகின்றன. 1860-இல் இங்கிலாந்தின் லங்காஷயரில், ரைலண்ட்ஸ் என்ற பருத்தி ஆலை அதிபர் தம் ஆலைக்கு ஒரு நீர்த்தேக்கம் கட்டுவித்தார். அதன் அடியில் கைவிடப்பட்ட பழைய சுரங்கக் குழிகள் இருந்தன. தேக்கிய நீர் அவற்றின் வழியே இறங்கி, அண்டையில் இருந்த ஃபிளெட்சர் என்பவரின் நிலக்கரிச் சுரங்கத்தை மூழ்கடித்தது. ரைலண்ட்ஸுக்குக் குழிகள் இருந்ததே தெரியாது. வேலையை ஒப்பந்தக்காரர்களிடம் ஒப்படைத்திருந்தார். எனினும் 1868-இல் பிரபுக்கள் சபை அவரைப் பொறுப்பாளி ஆக்கியது. வெளியேறினால் தீங்கு செய்யக்கூடிய ஒன்றைத் தன் தேவைக்காகத் தன் நிலத்தில் சேர்த்து வைப்பவர், அது வெளியேறினால் ஈடு செய்ய வேண்டும் என்பதே அத்தீர்ப்பின் கருத்து.

இதற்கு எல்லை ஒன்றும் உண்டு. அதை வகுத்தது நம் பகுதியிலிருந்து சென்ற வழக்கு. சென்னை மாகாணத்தில் கார்வேட்டிநகரம் ஜமீனின் ஏரிகள் உடைத்துக்கொண்டு ரயில்வே கம்பெனியின் உடைமைகளுக்குச் சேதம் விளைவித்தன. கம்பெனி இழப்பீடு கேட்டது. 1874-இல் பிரிவி கவுன்சில் அதை மறுத்தது. அவை தொன்றுதொட்டு ஊருக்காக இருந்துவரும் பாசன ஏரிகள்; அவற்றைப் பேணுவது ஜமீன்தாரின் பொதுக்கடமை; அவர் நினைத்தாலும் கைவிட முடியாதவை. தம் சொந்த ஆதாயத்துக்காக நீரைத் தேக்கியவரையும் ஊரின் பொருட்டு ஏரியைக் காத்தவரையும் ஒன்றாக வைக்க முடியாது என்று அந்த மன்றம் கண்டது.

சுதந்திர இந்தியாவின் உச்ச நீதிமன்றம் இதில் மேலும் ஓர் அடி வைத்தது. டெல்லியில் ஒரு தொழிற்சாலையிலிருந்து வாயு கசிந்த வழக்கில், 1986 டிசம்பரில், ஆபத்தான தொழிலை நடத்துவோர் அதனால் விளையும் தீங்குக்கு எவ்வித விதிவிலக்கும் இன்றிப் பொறுப்பாவர் என்று தீர்ப்பளித்தது.

நம் ஃபிக்ஹு மரபும் இதைத்தான் சொல்கிறது. கவனமின்றிப் பிறர் பொருளை அழித்தவர் பாவத்திலிருந்து மன்னிக்கப்படலாம். பொருளுக்கு ஈடு கொடுக்கும் கடமையிலிருந்து அவர் விடுபடுவதில்லை. பாவம் அல்லாஹ்வுக்கும் அடியானுக்கும் இடையில் உள்ளது. இழப்போ அடியார்களின் ஹக்கு. உரியவர் விட்டுக்கொடுத்தால் அன்றி அது தீராது.

"குழாயை மாற்றிவிட்டோமே"

உஸ்மானியப் பேரரசில் அஹ்மத் ஜெவ்தத் பாஷாவின் தலைமையில் 1869-க்கும் 1876-க்கும் இடையே தொகுக்கப்பட்ட சட்டநூல் மஜல்லா. அது ஹனஃபி மத்ஹபின் தீர்ப்புகளைப் பிரிவு பிரிவாக வரிசைப்படுத்தியது. கொங்கு மண்டலத்து ராவுத்தர் குடும்பங்களில் பெரும்பாலோர் பின்பற்றும் மத்ஹபும் அதுவே. தீங்கிழைப்பதும் தீங்குக்குத் தீங்கு செய்வதும் கூடாது என்ற நபிமொழி (ஸல்) அதன் தொடக்க விதிகளில் ஒன்றாக நிற்கிறது.

அந்நூலின் 1212-ஆம் பிரிவைத் திருப்பூர்வாசிகள் அவசியம் அறிய வேண்டும். ஒருவரின் கிணற்றுக்கு அருகே மற்றொருவர் கழிவுக்குழியோ சாக்கடையோ அமைத்து அதனால் கிணற்று நீர் கெட்டால், முதலில் அத்தீங்கை நீக்க வேண்டும். நீக்க வழியே இல்லையென்றால் அக்குழியை மூட வேண்டும் என்பது அதன் சாரம். முதலில் திருத்தம், திருத்தம் இயலாதபோதே மூடல் என்ற வரிசை இதில் கவனிக்கத்தக்கது.

நொய்யல் வழக்கும் இதே வரிசையில்தான் சென்றது. நொய்யல் ஆயக்கட்டு விவசாயிகள் பாதுகாப்புச் சங்கம் 2003-இல் சென்னை உயர் நீதிமன்றத்தை அணுகியது. 2006 டிசம்பர் 22 அன்று நீதிமன்றம், ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியேறாத முறைக்குப் பட்டறைகள் மாற வேண்டும் என்று கெடு விதித்தது. அதுவரை வெளியேற்றும் ஒவ்வொரு லிட்டருக்கும் 6 காசில் தொடங்கி 10 காசு வரை ஏறும் தொகையைக் கட்டச் சொன்னது. கெடுக்கள் கடந்தன, கழிவு நிற்கவில்லை. 2011 ஜனவரி 28 அன்று, விதியை நிறைவேற்றும் வரை எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகளையும் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களையும் மூடும்படி ஆணை வந்தது.

அந்த மாதங்களின் வேதனையைச் சாதாரணமாகப் பேசிவிட முடியாது. சாயப்பட்டறை நின்றால் நிட்டிங்கும் தையலும் சேர்ந்து நிற்கும். வாரக்கூலியை நம்பியிருந்த குடும்பங்கள், கழிவைத் திறந்துவிடும் முடிவில் எந்தப் பங்கும் இல்லாதவர்கள், அதன் விலையைக் கொடுத்தார்கள். நீதிமன்றம் கடுமை காட்டியது என்று அப்போது பலர் குறைகூறினர். ஆனால் திருத்திக்கொள்வதற்குக் கொடுத்த ஆண்டுகள் வீணான பிறகே மூடல் வந்தது என்பதையும் நினைக்க வேண்டும். தீங்கை நீக்குவதைத் தள்ளிப்போட்டால், அதன் சுமை கடைசியில் எளியவரின் தலையில் இறங்குகிறது.

ஆர்.ஓ. முறையில் நீரைப் பிரித்து மீண்டும் பயன்படுத்துவதும், எஞ்சிய உப்புநீரை ஆவியாக்குவதும் செலவு மிகுந்த வேலைதான். ஆனால் அந்தச் செலவு 2011-இல் புதிதாகப் பிறந்ததன்று. அதற்கு முன்னரும் அது இருந்தது. அப்போது அதைக் கட்டியவர்கள், கிணறு உவர்த்துப்போன உழவர்கள்.

"ஒரு தொகை தருகிறோம்"

இழப்பீட்டின் வரலாற்றில் நம் சமுதாயத்துக்கு நேரடித் தொடர்புள்ள அத்தியாயம் பாலாற்றங்கரையில் இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை ஊர்களின் தோல் பதனிடும் தொழிலில் நம்மவர் பலர் உரிமையாளர்களாகவும் தொழிலாளர்களாகவும் இருந்து வந்திருக்கிறார்கள். அந்தக் கழிவை எதிர்த்து வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம், மாசுபடுத்தியவரே ஈடு செலுத்த வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அறிவித்தது. இழப்பைக் கணக்கிட்டு வசூலித்துக் கொடுக்க ஓர் ஆணையம் அமைக்கவும் ஆணையிட்டது.

அந்த ஆணையம் 2001 மார்ச்சில் வேலூர்ப் பகுதியில் 29,000-க்கும் மேற்பட்டோருக்கு ஏறத்தாழ 27 கோடி ரூபாய் வழங்கத் தீர்ப்பளித்தது. 2004 டிசம்பரில் நொய்யல் படுகையின் 28,000-க்கும் மேற்பட்ட உழவர்களுக்கு ஏறத்தாழ 25 கோடி ரூபாய் என்று தீர்ப்பளித்தது. கேட்கப் பெருந்தொகையாகத் தோன்றும். வகுத்துப் பார்த்தால் இரண்டு இடங்களிலும் ஒருவருக்குச் சராசரியாகப் பத்தாயிரம் ரூபாய்கூட இல்லை. கிணறு கெட்ட ஒருவர் அந்தத் தொகையைக் கொண்டு வேறொரு கிணறு வெட்ட முடியாது.

இங்குதான் நாம் நபி தாவூத் (அலை), நபி சுலைமான் (அலை) ஆகியோர் முன் வந்த வழக்கை நினைவுகூர வேண்டும். ஒரு கூட்டத்தாரின் ஆடுகள் இரவில் மற்றவரின் விளைநிலத்தில் புகுந்து மேய்ந்ததையும், அதுபற்றி அவ்விருவரும் தீர்ப்பளித்ததையும் அல்குர்ஆன் அன்பியா அத்தியாயத்தின் 78, 79-ஆம் வசனங்களில் குறிப்பிடுகிறது. தஃப்ஸீர் ஆசிரியர்கள் அதன் விவரத்தைத் தருகிறார்கள். சேதத்தின் மதிப்புக்கு ஆடுகளையே நிலத்துக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும் என்பது தந்தையின் தீர்ப்பு. மகனின் தீர்ப்பு வேறு. ஆடுகளின் பாலையும் ரோமத்தையும் நிலத்துக்காரர் அனுபவிக்கட்டும்; ஆட்டுக்காரர் நிலத்தை உழுது பயிரிட்டுப் பழைய நிலைக்குக் கொண்டுவரட்டும்; அதன்பின் அவரவர் உடைமை அவரவரிடம் திரும்பட்டும் என்றார்கள். இருவருக்குமே ஞானத்தை அளித்ததாகச் சொல்லும் இறைவன், அத்தீர்ப்பைச் சுலைமானுக்கு விளங்க வைத்ததாகவும் கூறுகிறான்.

அத்தீர்ப்பில் இரண்டு கடமைகள் உள்ளன. இழப்பு நீடிக்கும் காலம் முழுவதும் வருவாய்க்கு ஈடு. கூடவே, கெட்டதைச் சீர்செய்தல். ஒன்று மற்றொன்றுக்கு மாற்றாகாது.

இந்திய நீதிமன்றங்களும் தம் வழியில் இதே இடத்தை வந்தடைந்தன. 2009 அக்டோபர் 6 அன்று, திருப்பூர் சாயப்பட்டறை உரிமையாளர் சங்கத்தின் மேல்முறையீட்டில், ஆற்றின் கசடை அகற்றுவதற்கும் அணையைச் சுத்தம் செய்வதற்கும் ஆகும் செலவிலிருந்து பட்டறைகள் தப்ப முடியாது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 2025 ஜனவரி 30 அன்று வேலூர் தோல் தொழிற்சாலைகள் பற்றிய தீர்ப்பில், சூழலுக்கு விளைந்த கேடு மீட்கப்படும் வரை மாசுபடுத்தியவரின் பொறுப்பு தொடர்கிறது என்று வலியுறுத்தியது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் இடையே 28 ஆண்டுகள். அந்த இடைவெளியில் ஈட்டுக்காகக் காத்திருந்தே மறைந்த உழவர்களும் உண்டு.

நம் வீட்டுச் சுவர்

ஆற்றுக்குப் பொருந்தும் நீதி அண்டை வீட்டுச் சுவருக்கும் பொருந்தும். நம் வீட்டுக் கசிவு பிறர் சுவரை நனைத்திருந்தால், நாம் வேண்டுமென்று செய்யவில்லை என்பதைச் சொல்லலாம். அதோடு நின்றுவிடக் கூடாது. கசிவை அடைப்பது முதற்கடமை. உதிர்ந்த பூச்சையும் பழுதான மின்இணைப்பையும் முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவருவது அடுத்தது. இடையில் அவர்கள் இழந்ததைக் கேட்டறிந்து கொடுப்பது மூன்றாவது. அண்டை வீட்டாரை வாரிசாகவே ஆக்கிவிடுவாரோ என்று நபி (ஸல்) அவர்கள் எண்ணும் அளவுக்கு ஜிப்ரீல் (அலை) அவர்களின் உரிமையை வலியுறுத்தினார்கள் என்பதை நாம் ஜும்ஆ மேடைகளில் கேட்கிறோம். அந்த அண்டை வீட்டார் முஸ்லிமாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அதில் இல்லை.

நாம் பாதிக்கப்பட்டவராக இருந்தால், ஈடு கேட்பது சண்டைக்குப் போவதாகாது. சேதத்தைப் படம் எடுத்து, தேதி குறித்து, பழுதுபார்க்க ஆகும் செலவுக்கு எழுத்துமூலம் மதிப்பீடு வாங்கிக் கண்ணியமாகக் கேட்கலாம். பேச்சில் தீராவிட்டால் பெரியவர்களை நடுவே வைக்கலாம். அதற்கும் அப்பால் லோக் அதாலத் இருக்கிறது. கட்டணமின்றி, இரு தரப்பின் சம்மதத்தோடு அங்கு எழுதப்படும் தீர்வு சிவில் நீதிமன்றத் தீர்ப்புக்கு நிகரானது. விட்டுக்கொடுப்பது உயர்ந்த குணம்தான். ஆனால் அது பாதிக்கப்பட்டவர் தாமாகத் தரும் கொடை. கெடுத்தவரோ, நடுவில் அமரும் ஜமாஅத்தோ, பொறுமையின் பெயரால் அதைக் கேட்டு வாங்கக் கூடாது.

நம் தொழிலிலும் இல்லத்திலும் பிறர் ஹக்கு தங்கிவிடாமல் வாழ வல்ல அல்லாஹ் நமக்கு அருள்புரிவானாக.