புரூக் பார்க் கூரை மைதானமும் பான்டியாக் கதையும்

பதிவு கொஞ்சம் நீளம். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

கிளீவ்லாந்து என்றால் நம்மில் பலருக்குத் தியாகராஜ ஆராதனைதான் நினைவுக்கு வரும். அந்த ஊர்க்காரர்களுக்கு வேறொரு பக்தி உண்டு: பிரவுன்ஸ் என்ற ஃபுட்பால் அணி. (நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு ஓடும் அமெரிக்க ஆட்டம்.) 2025-ல் மகள் வீட்டில் ஆறு மாதம் இருந்தபோது சாப்பாட்டு மேசையில் தினமும் இந்த அணியின் பஞ்சாயத்துதான். நகர மையத்தை ஒட்டி ஏரிக்கரையில் இருக்கும் மைதானத்தை விட்டுவிட்டு, புரூக் பார்க் என்ற புறநகரில் கூரை போட்ட புது மைதானம் கட்டப் போகிறார்கள். மாப்பிள்ளை 'வரட்டும்' கட்சி. மகள் 'வேண்டாம்' கட்சி. வாத்தியார் என்பதால் என்னிடம் தீர்ப்புக் கேட்டார்கள். பழைய கதை தெரியாமல் என்ன தீர்ப்புச் சொல்வது? பக்கத்து நூலகத்துக்குப் போய்ப் படிக்க ஆரம்பித்தேன்.

திட்டம் இதுதான். 176 ஏக்கர் நிலம், விமான நிலையத்துக்குப் பக்கத்தில். மைதானத்துக்கு மட்டும் மதிப்பீடு 240 கோடி டாலர். சுமார் 67,500 இருக்கைகள். ஒளி ஊடுருவும் கூரை. விமானங்கள் தாழப் பறக்கும் இடம் என்பதால் ஆடுகளத்தைத் தரைமட்டத்துக்குக் கீழே சுமார் 80 அடி ஆழத்தில் அமைக்கிறார்கள். 2029-ல் திறக்க வேண்டும் என்பது எண்ணம். கூரை எதற்கு? ஈரி ஏரிக் காற்றில் டிசம்பர் மாதம் ஒரு மணி நேரம் நின்றவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்க மாட்டார்கள். ஆனால் குளிர் மட்டும் காரணமில்லை. ஓர் அணி ஆண்டுக்குச் சொந்த ஊரில் ஆடுவது பத்து ஆட்டம் போல. மீதி நாட்களில் கச்சேரி, மாநாடு என்று வாடகை வர வேண்டுமானால் கூரை வேண்டும்.

இப்போது 1995-க்குப் போவோம். அப்போது அணியின் உரிமையாளர் ஆர்ட் மாடெல். ஆடிய இடம் 1931-ல் திறந்த பழைய நகராட்சி மைதானம். அதைச் சீரமைக்க, மதுவுக்கும் சிகரெட்டுக்கும் போடும் வரியை நீட்டிக்கலாமா என்று நவம்பர் 7 அன்று மக்கள் வாக்களிக்க இருந்தார்கள். முந்தைய நாள், நவம்பர் 6 அன்று, மாடெல் பால்டிமோர் நகரில் மேடை ஏறி, அணியை அங்கே கொண்டுவருவதாக அறிவித்துவிட்டார். மறுநாள் வாக்கெடுப்பு நடந்தது. நூற்றுக்கு எழுபதுக்கும் மேற்பட்டவர்கள் வரிக்கு 'சரி' என்றே வாக்களித்தார்கள். வீட்டை விட்டுக் கிளம்பிவிட்ட பிள்ளைக்கு அறை கட்டக் கடன் வாங்கும் பெற்றோர் மாதிரி.

அந்த டிசம்பரில் நடந்த கடைசி ஆட்டத்தில் ரசிகர்கள் இருக்கைப் பலகைகளைப் பெயர்த்து ஆடுகளத்தில் வீசினார்கள். நகரம் வழக்குப் போட்டது. 1996-ல் உடன்பாடு வந்தது: ஆட்டக்காரர்கள் பால்டிமோருக்கு, பெயர், நிறம், பழைய சாதனைகள் கிளீவ்லாந்துக்கு. பால்டிமோருக்குப் போன அணி 'ரேவன்ஸ்' ஆனது. 1999-ல் கிளீவ்லாந்துக்குப் புது பிரவுன்ஸும் அதே ஏரிக்கரையில் புது மைதானமும் கிடைத்தன. இடித்த பழைய மைதானத்தின் கான்கிரீட், மீன்கள் தங்குவதற்காக ஏரிக்குள் போடப்பட்டது. பால்டிமோரையும் குற்றம் சொல்ல முடியாது. 1984-ல் ஒரு மார்ச் இரவு, அவர்களுடைய கோல்ட்ஸ் அணி லாரிகளில் சாமான்களை ஏற்றிக்கொண்டு இண்டியானபோலிஸுக்குப் போய்விட்டது. அந்த ஊர், அணி கிடைக்கும் முன்பே கூரை மைதானம் கட்டத் தொடங்கியிருந்தது!

இந்த வலியில் பிறந்ததுதான் ஒஹாயோ மாநிலத்தின் 1996-ஆம் ஆண்டுச் சட்டம். அதற்கே 'மாடெல் சட்டம்' என்று பெயர். மக்கள் வரிப்பணத்தில் ஓடும் மைதானத்தில் ஆடும் அணி, ஊரின் சம்மதம் இல்லாமல் இடம் மாறக் கூடாது; மாற வேண்டுமானால் ஆறு மாதம் முன்னறிவிப்புக் கொடுத்து, உள்ளூர்க்காரர்கள் அணியை வாங்க வாய்ப்புத் தர வேண்டும். 2018-ல் கொலம்பஸ் நகரின் கால்பந்து அணி (இது நம் கால்பந்து) டெக்சாஸுக்குப் போகப் பார்த்தபோது இந்தச் சட்டத்தை வைத்து வழக்குப் போட்டார்கள். அணி அங்கேயே தங்கியது. அதை வாங்கிக் காப்பாற்ற முன்வந்தவர்களில் முக்கியமானவர்கள் ஹாஸ்லம் குடும்பத்தினர்.

இதே ஹாஸ்லம் குடும்பம்தான் 2012 முதல் பிரவுன்ஸுக்கும் உரிமையாளர். 2024 அக்டோபரில் அந்த அணி நீதிமன்றம் போனது. எதற்கு? மாடெல் சட்டம் அரசமைப்புக்கு விரோதமானது என்று சொல்ல! இதைப் படித்தபோது நூலகத்தில் வாய்விட்டுச் சிரித்துவிட்டேன். பக்கத்து மேசை அம்மையார் திரும்பிப் பார்த்தார்.

வழக்கு முடியும் முன்பே மாநில அரசு வேலையை முடித்துவிட்டது. 2025 ஜூன் 30 அன்று ஆளுநர் கையெழுத்திட்ட பட்ஜெட்டில் இரண்டு விஷயங்கள் இருந்தன. ஒன்று, மாடெல் சட்டம் இனி மாநிலத்தை விட்டே போகும் அணிக்குத்தான் பொருந்தும். பக்கத்து ஊருக்குப் போனால் பொருந்தாது. இன்னொன்று, புரூக் பார்க் மைதானத்துக்கு 60 கோடி டாலர். அந்தப் பணம் வந்த இடம்தான் என்னைத் தூங்க விடவில்லை. மக்கள் மறந்துபோன வங்கிக் கணக்கு, வாங்காமல் விட்ட காசோலை, பழைய முன்பணம் என்று அரசிடம் கேட்பாரற்றுக் கிடந்த தொகை அது. கேட்கவில்லை என்பதால் அது சொந்தக்காரர் பணம் இல்லாமல் போய்விடுமா என்று கேட்டு வழக்கும் போட்டார்கள். (நம் ஊரிலும் பத்து ஆண்டுகள் தொடாத வைப்புத்தொகை ரிசர்வ் வங்கியிடம் போய்விடும். 'உத்கம்' என்ற இணையதளத்தில் தேடலாம். அப்பா, தாத்தா பெயரைப் போட்டு ஒருமுறை பாருங்கள்.)

இதுவரை மகளுக்கு வெற்றி. ஆனால் மாப்பிள்ளை சொன்னதையும் கேட்க வேண்டும். அந்த 176 ஏக்கர், ஃபோர்டு ஆலைகள் இருந்த இடம். வார்ப்பட ஆலை 2010-ல் மூடப்பட்டது, இரண்டாவது இன்ஜின் ஆலை 2012-ல். ஊர் ஜனத்தொகை இருபதாயிரத்துக்கும் கீழே. மறைமலை நகர் ஃபோர்டு ஆலையில் 2022-ல் உற்பத்தி நின்றபோது அங்கே வேலை பார்த்த நம் மாணவர்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். அதனால் வெறும் நிலத்தை வைத்துக்கொண்டு காத்திருக்கும் ஒரு சின்ன ஊர், பெரிய பணம் வரும்போது 'வா' என்று சொன்னால் எனக்குக் கோபம் வரவில்லை.

பயம் வந்தது. காரணம் பான்டியாக்.

பான்டியாக், டெட்ராய்ட்டுக்கு வடக்கே சுமார் 30 மைலில் உள்ள கார்த் தொழில் ஊர். டெட்ராய்ட் லயன்ஸ் அணிக்காக அந்த ஊர் 5 கோடியே 57 லட்சம் டாலரில் 'சில்வர்டோம்' கட்டி 1975-ல் திறந்தது. 80,000 பேர் உட்காரலாம். கூரையைத் தாங்கத் தூண் கிடையாது. உள்ளே காற்றை ஊதி, கண்ணாடியிழைத் துணியைத் தூக்கி நிறுத்தினார்கள். 1985-ல் பனி கொட்டிக் கூரை கிழிந்து இறங்கியது. மறுபடி போட்டார்கள். 1987-ல் போப் இரண்டாம் ஜான் பால் வந்தார். 1994 உலகக் கோப்பை ஆட்டங்கள் நடந்தன. கூரைக்குள் உலகக் கோப்பை ஆட்டம் நடந்தது அதுவே முதல்முறை. அதற்காக மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தார் அறுகோணத் தட்டுகளில் புல் வளர்த்துக் கொண்டுவந்து தேனடை மாதிரி அடுக்கினார்கள். வகுப்பில் சொல்லியிருக்க வேண்டிய செய்தி, அப்போது எனக்குத் தெரியாது.

2002-ல் லயன்ஸ் டெட்ராய்ட் நகர மையத்தில் கட்டிய புது மைதானத்துக்குத் திரும்பிவிட்டது. மைதானம் பான்டியாக் நகராட்சியின் சொத்து. ஆட்டம் இல்லை, பராமரிப்புச் செலவு மட்டும் இருந்தது. 2009-ல் ஊரின் நிதி நிலைமை மோசமாகி, மாநிலம் நியமித்த அதிகாரி அதை ஏலத்தில் விட்டார். நிலமும் கட்டடமும் சேர்ந்து 5 லட்சத்து 83 ஆயிரம் டாலர். அன்றைய கணக்கில் நம் பணம் மூன்று கோடிக்கும் கீழே. 2017 டிசம்பரில் வெடி வைத்துத் தகர்க்கப் போனபோது முதல் நாள் கட்டடம் அசையவில்லை. மறுநாள்தான் விழுந்தது. இன்று அங்கே அமேசான் கிடங்கு இருக்கிறது.

இதை மேசையில் சொன்னதும் மாப்பிள்ளை, "அது ஊர் கட்டியது மாமா. இங்கே பாதிக்கு மேல் அணியின் பணம், செலவு எகிறினாலும் அவர்கள் பொறுப்பு" என்றார். நியாயமான பதில். "முப்பது வருஷம் கழித்து அணி கிளம்பினால், அந்தக் குழி யாருடையது?" என்றேன். 80 அடிக் குழி அல்லவா! பார்த்துச் சொல்வதாகச் சொன்னார். இன்னும் சொல்லவில்லை.

அக்டோபரில் கிளீவ்லாந்து நகரமும் அணியும் சமரசமாகிவிட்டன. மொத்தம் 10 கோடி டாலர் மதிப்புள்ள உடன்பாடு. ஏரிக்கரை மைதானத்தை இடித்துக் கொடுப்பதும் அதில் அடக்கம். வழக்குகள் முடிவுக்கு வந்தன. அந்தச் செய்தி வந்த இரவு மகள் ஒன்றும் பேசவில்லை. மடிக்கணினியைத் திறந்து, கேட்பாரற்ற பணத்துக்கான அரசு இணையதளத்தில் வீட்டில் எல்லார் பெயரையும் போட்டுப் பார்த்தாள். மாப்பிள்ளை பெயரில் நாற்பத்து மூன்று டாலர் இருந்தது, எப்போதோ குடியிருந்த வாடகை வீட்டின் ஏதோ முன்பணம். மைதானத்துக்கு ஆதரவாளர்தான். ஆனாலும் அன்று இரவே விண்ணப்பம் போட்டுவிட்டுத்தான் படுக்கப் போனார்.