நெஞ்செரிச்சலும் கைராசியும்

நம் ஊர்களில் ஒரு டாக்டரைப் பற்றி விசாரித்தால் முதலில் கிடைக்கும் விடை, "அவருக்குக் கைராசி உண்டு" என்பதுதான். காய்ச்சலுக்கு மருந்து வாங்கச் செல்பவருக்கு அந்த விடை போதும். தம் வயிற்றைத் திறந்து இரைப்பையைத் திருத்தியமைக்கப் போகும் அறுவை மருத்துவரைத் தேடுபவருக்கு அது போதுமா? கைராசி எதனால் உண்டாகிறது? அதனை அளந்தறிய வழி உண்டா? இவ்வினாக்களுக்கு மருத்துவ வரலாற்றின் ஒரு சிறு கிளை தெளிவாக விடை கூறுகிறது. அமிலம் எதுக்களித்து வரும் நோய்க்குச் செய்யப்படும் அறுவை சிகிச்சையின் வரலாறே அது.

நோய் இன்னதென்று முதலில் காண்போம். நாம் உண்ணும் உணவு ஏறத்தாழ 25 சென்டிமீட்டர் நீளமுள்ள உணவுக்குழாயின் வழியே இரைப்பையைச் சேர்கிறது. அங்கே ஊறும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைத் தாங்கும் உள்சுவர் இரைப்பைக்கு உண்டு, உணவுக்குழாய்க்கு இல்லை. ஆகவே இரண்டும் கூடுமிடத்தில், சுருக்குப்பையின் வாய் போல இறுகி நிற்கும் தசைவளையம் ஒன்றை இயற்கை அமைத்திருக்கிறது. மார்பையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானமும் வெளியிலிருந்து அதற்குத் துணை நிற்கிறது. இக்காவல் தளர்ந்தால் அமிலம் மேலேறும், நெஞ்சு எரியும், இரவில் படுத்தால் தொண்டை வரை புளிப்பு வரும். ஆண்டுக்கணக்கில் நீடிக்குமாயின் குழாயில் புண் உண்டாகி, அது வடுப்பட்டுச் சுருங்கி, சோறு இறங்காத நிலையும் நேரும்.

இந்நோய்க்கு வழி கண்டவர்களுள் முதன்மையானவர் ருடால்ஃப் நிஸ்ஸென். இன்று போலந்தில் உள்ளதும் அன்று ஜெர்மனியைச் சேர்ந்திருந்ததுமான நைஸ்ஸெ நகரில், 1896ஆம் ஆண்டில், அறுவை மருத்துவர் ஒருவரின் மகனாகப் பிறந்தார், யூத குலத்தவர். முதல் உலகப் போரில் நுரையீரலில் குண்டடி பட்டார். அத்தகையவர் பின்னாளில் நுரையீரல் அறுவையிலேயே பெயர் பெற்றது எண்ணிப் பார்க்கத்தக்கது. சவர்புருக் என்னும் பேராசானிடம் பயின்று, 1931இல் பெர்லினில் பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் இடது நுரையீரல் முழுவதையும் அகற்றி அவளைப் பிழைக்க வைத்தார். இரண்டே ஆண்டுகளில் ஹிட்லரின் ஆட்சி வந்தது. 1933இல் நிஸ்ஸென் தாய்நாட்டை விட்டு வெளியேறினார்.

அவருக்கு இடம் கொடுத்தது துருக்கி. கெமால் அத்தாதுர்க் அவ்வாண்டில்தான் இஸ்தான்புல் பல்கலைக்கழகத்தைப் புதுக்கியமைத்து, ஜெர்மனியிலிருந்து விரட்டப்பட்ட பேராசிரியர்கள் பலரை வரவேற்றுப் பதவிகளில் அமர்த்தினார். ஒரு நாடு குப்பையென்று கொட்டியதை மற்றொரு நாடு பொன்னென்று வாரிக்கொண்ட காலம் அது. அங்கே 1936இல் நிஸ்ஸெனிடம் 28 வயது இளைஞர் ஒருவர் வந்தார். அவருடைய உணவுக்குழாயின் அடிப்பகுதியில் இருந்த புண் இதயத்தின் மேலுறை வரை துளைத்திருந்தது. நிஸ்ஸென் அப்பகுதியை அறுத்தெடுத்துவிட்டு, எஞ்சிய குழாயை இரைப்பையோடு இணைத்துத் தைத்தார். தையல் விட்டுப் போகுமோ என்று அஞ்சி, இரைப்பையின் சுவரையே மடித்து அவ்விணைப்பைச் சுற்றி மூடினார். தையலைக் காப்பது ஒன்றே அப்போது அவர் கருத்து.

அந்த இளைஞர் பிழைத்தார். வியப்பு யாதெனில், பல ஆண்டுகளுக்குப் பின்னரும் அவருக்கு நெஞ்செரிச்சல் இல்லை. காவல் வளையத்தையே வெட்டி எறிந்த பின்பு அமிலம் தாராளமாக மேலேறியிருக்க வேண்டும், ஏறவில்லை. தைத்து அனுப்பியதோடு கணக்கை முடித்துக்கொள்ளும் மருத்துவராக இருந்திருந்தால் இச்செய்தி நிஸ்ஸெனுக்குத் தெரிந்தே இராது. பழைய நோயாளியின் நலத்தை விடாது கேட்டறிந்தமையால் தெரிந்தது. மடித்துச் சுற்றிய இரைப்பைச் சுவரே புதியதொரு காவலாக நின்றுவிட்டது என்று அவர் உணர்ந்தார்.

1939இல் அவர் அமெரிக்கா சென்றார். நியூயார்க்கில் பணியாற்றிய காலத்தில், 1948 டிசம்பரில், ஐன்ஸ்டைனுக்கு அறுவை செய்தவரும் இவரே. அந்த மேதையின் வயிற்றுப் பெருந்தமனி வீங்கி வெடிக்கும் நிலையில் இருந்தது. நிஸ்ஸென் அதனைச் செலோபேன் தாளால் சுற்றி வலுப்படுத்தினார். ஐன்ஸ்டைன் 1955 ஏப்ரல் வரை வாழ்ந்தார். சுற்றிக் காப்பது இவருக்குக் கைவந்த கலை போலும்!

1952இல் சுவிட்சர்லாந்தின் பாஸல் நகரப் பல்கலைக்கழகம் அவரைப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 1955இல் எதுக்களிப்பால் வருந்திய 49 வயது அம்மையார் ஒருவருக்கு, இஸ்தான்புல்லில் தற்செயலாகச் செய்ததை இப்போது வேண்டுமென்றே செய்தார். தோளில் கிடக்கும் துண்டை இழுத்துக் கழுத்தைச் சுற்றிக்கொள்வது போல, இரைப்பையின் மேற்பகுதியை உணவுக்குழாயின் அடிப்பகுதிக்குப் பின்னால் கொண்டுசென்று, சுற்றி வளைத்து, முன்புறத்தில் தைத்தார். இரைப்பை நிரம்பி அழுத்தம் கூடும்போது இந்த மடிப்பும் உடன் இறுகிக் குழாயை அடைக்கும். 1956இல் இதனை ஒரு மருத்துவ இதழில் வெளியிட்டபோது, தலைப்பிலேயே "எளிய அறுவை" என்று குறித்தார்.

எளியதாக இருந்தது அவர் கைக்கு! மடிப்பை இறுக்கமாகவும் நீளமாகவும் தைத்தபோது வேறு துன்பங்கள் முளைத்தன. நோயாளிகள் சிலருக்கு ஏப்பம் விட முடியவில்லை. வயிறு காற்றால் உப்பிற்று. வாந்தி எடுக்கவும் இயலவில்லை. சோற்றுக் கவளம் நெஞ்சிலேயே நின்றது. தளர்த்தித் தைத்தாலோ மடிப்பு நழுவிப் பழைய நோய் திரும்பியது. தைப்பவர் விரலின் நிதானத்தில் ஒரு மனிதரின் பல்லாண்டு உணவு இன்பம் அடங்கியிருந்தது என்க.

இவ்விடத்தில் இங்கிலாந்து மருத்துவர் இருவரைச் சொல்லாமல் மேற்செல்ல எனக்கு மனமில்லை. லீட்ஸ் நகரத்து பிலிப் ஆலிசன் இந்நோயின் காரணத்தைத் தெளிவுற விளக்கி, உதரவிதானத்தில் அகன்றுபோன துளையைச் செப்பனிடும் முறையொன்றை 1951இல் வெளியிட்டார். உலகெங்கும் அது பரவிற்று. பின்னர் ஆக்ஸ்ஃபோர்டுப் பேராசிரியராகிப் பெரும்புகழ் எய்தினார். அத்தகையவர், இருபதாண்டுக் காலத்தில் தாம் அறுவை செய்தவர்களையெல்லாம் மீண்டும் தேடி ஆராய்ந்து, ஏறத்தாழப் பாதிப்பேருக்குக் குறை திரும்பிவிட்டது என்பதை 1973இல் தாமே அச்சிட்டார். தம் பெயரால் வழங்கிய முறையைத் தாமே தோல்வி என்று காட்டிய அந்த ஆண்மையை, கண்டுபிடித்த திறமையினும் மேலாக நான் மதிக்கிறேன்.

மற்றவர் பிரிஸ்டல் நகரத்து ரொனால்ட் பெல்சி. அவர் தம் அறுவை முறைக்கு, இயந்திர மாதிரிகளுக்கு எண் இடுவது போல எண் இட்டார். முதல் மூன்றும் அவருக்கு நிறைவு தரவில்லை. நான்காவதை 1950களிலேயே செய்யத் தொடங்கியும், உடனே முரசறையவில்லை. ஆயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் பின்விளைவைத் திரட்டிக்கொண்டு, 1967இல்தான் ஸ்கின்னர் என்பவரோடு சேர்ந்து முழு விவரத்தையும் வெளியிட்டார். மூன்று மாதத்தில் தேர்வு முடிவை எதிர்பார்க்கும் நம்மவர்க்கு இப்பொறுமை கதை போலத் தோன்றும்.

இவ்வாறு எண்ணிப் பார்த்தவர்களால்தான் நிஸ்ஸென் முறையும் சீர்பட்டது. அவருடைய துணைவர் ரொஸ்ஸெட்டியும், பிறகு அமெரிக்காவில் டிமீஸ்டர் முதலியோரும் மடிப்பைக் குட்டையாகவும் தளர்வாகவும் ஆக்கினர். இரைப்பையை முழுதும் சுற்றாமல் பாதியளவே சுற்றும் முறைகளை டோர் 1962இலும் டூப்பே 1963இலும் பிரான்சில் வகுத்தனர். 1974இல் ஜான்சனும் டிமீஸ்டரும், குழாய்க்குள் எத்துணை நேரம் அமிலம் ஏறி நிற்கிறது என்பதை 24 மணி நேரம் அளக்கும் சோதனையைச் செம்மைப்படுத்தினர். 1980களின் இறுதியில் ஒமிப்ரசோல் என்னும் மாத்திரை வந்து, அமிலச் சுரப்பையே வெகுவாகக் குறைத்தது. பலருக்குக் கத்தியே தேவையற்றுப் போயிற்று.

ஆயினும் 1991இல் பெல்ஜியத்து டல்மாஞ், லாபராஸ்கோப் என்னும் கருவியைக் கொண்டு, வயிற்றில் சிறு துளைகள் மட்டும் இட்டு நிஸ்ஸென் மடிப்பைத் தைத்துக் காட்டினார். பெருங்காயம் இல்லை என்றவுடன் நோயாளிகளும் மருத்துவர்களும் அம்முறையை நோக்கி விரைந்தனர். விரைந்தவர் கைகள் எல்லாம் பழகிய கைகளா? ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகர மருத்துவர்கள் இதனை எண்ணிப் பார்க்கத் துணிந்தனர். பதினொரு சர்ஜன்கள் 280 நோயாளிகளுக்குச் செய்த அறுவைகளை ஆராய்ந்து, 1996இல் முடிவை வெளியிட்டனர். ஒவ்வொருவரும் செய்த முதல் இருபது அறுவைகளிலும், அந்நிறுவனம் முழுவதும் சேர்ந்து செய்த முதல் ஐம்பதிலும், சிக்கல்களும் மறு அறுவைகளும் மிகுந்திருந்தன. நம்மவர் கைராசி என்று சொல்வதன் பெரும்பகுதி இதுதான்: எண்ணிக்கையும் பழக்கமும்.

இளம் சர்ஜன்களை ஒதுக்கிவிட வேண்டும் என்று இதிலிருந்து முடிவு கட்டிவிடாதீர்கள். எல்லோரும் இருபது முடித்தவரையே நாடினால், முதல் இருபது பேருக்கு எவர் அறுவை செய்வது? தேர்ந்தவர் அருகில் நின்று கற்பித்த இடங்களில், புதியவர்களின் தொடக்க அறுவைகளும் நன்றாகவே அமைந்தன என்பதையும் அதே அடிலெய்டு ஆய்வு காட்டிற்று. ஆசிரியப் பயிற்சியில் எங்களுக்கும் முதல் பாடங்களை மேற்பார்வையாளர் பின்வரிசையில் அமர்ந்து கேட்டுக்கொண்டிருந்தார். அவர் இல்லாதிருந்தால் பிள்ளைகளின் கதி என்ன ஆகியிருக்குமோ!

ஆகவே உங்கள் வீட்டில் ஒருவருக்கு இந்த அறுவை வேண்டுமென்று சொல்லப்பட்டால், முதலில் இரைப்பைக் குடல் மருத்துவர் ஒருவர் அவரை நன்கு ஆராய்ந்திருக்க வேண்டும். எண்டாஸ்கோப்பினால் உள்ளே பார்த்தலும், அமிலத்தை அளத்தலும், உணவுக்குழாயின் தசை வலிமையை அறியும் மானோமெட்ரிச் சோதனையும் நடந்திருக்க வேண்டும். குழாய் உணவைத் தள்ளும் வலிமை இழந்திருந்தால் முழு மடிப்பு தொல்லையாகலாம் என்பதால், இக்கடைசிச் சோதனையை விடலாகாது. பிறகு சர்ஜனிடம் பணிவாக, ஆனால் தயங்காமல் கேளுங்கள்: "இந்த அறுவையைத் தாங்கள் இதுவரை எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள், ஐயா? சென்ற ஆண்டில் எத்தனை? ஐந்தாண்டுக்கு முன் செய்தவர்கள் இப்போது எப்படி இருக்கிறார்கள்? மீண்டும் திறக்க நேர்ந்தவர்கள் எத்தனை பேர்?" தேர்ந்த சர்ஜன் இதற்குச் சினம் கொள்ள மாட்டார். ஆலிசனைப் போல அவரிடமும் ஒரு கணக்கு இருக்கும். அதை எடுத்துக் காட்டுவார்.