ஒரு மைனஸ் குறியின் கதை

மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று சங்கத்தார் கேட்டதும், 1974-ல் எம்.எஸ்ஸி. வாய்மொழித் தேர்வில் நான் விழித்த விழிதான் நினைவுக்கு வந்தது.

"மின்னேற்றமில்லாத பையானுக்குப் பாரிட்டி என்னப்பா?" என்றார் எங்கள் பேராசிரியர்.

"மைனஸ், சார்."

"எப்படித் தெரியும்?"

"புஸ்தகத்துல போட்டிருக்கு, சார்."

"புஸ்தகம் போட்டவருக்கு யார் சொன்னது?"

எனக்கு வாயே வரவில்லை. பின்னால் தேடிப் படித்ததை இங்கே சொல்கிறேன்.

இடம்-வலம், மேல்-கீழ், முன்-பின் மூன்றையும் திருப்பிப் போட்டால் ஒரு துகளின் அலைச்சார்பு குறி மாறுமா, மாறாதா? அதுதான் பாரிட்டி. மாறினால் மைனஸ்.

இந்தப் பையான் பிறந்த கணமே பெரும்பாலும் இரண்டு ஃபோட்டான்களாகச் சிதைந்துவிடும். ஃபோட்டானின் மின்புலம் அதிரும் தளத்தைக் காட்டுவது தளவிளைவு. பாரிட்டி பிளஸ் என்றால் இரண்டு ஃபோட்டான்களின் தளங்களும் இணையாக இருக்கும், மைனஸ் என்றால் செங்குத்தாக இருக்கும் என்று 1950-ல் சி.என். யாங் காட்டினார்.

சொல்வது சுலபம், அளப்பது எப்படி? ஆய்வுக்கூடத்தில் நாம் வைத்துத் திருப்பிய போலராய்டு தகடு காமாக் கதிரிடம் பலிக்காது. நல்லவேளை, சுமார் 30,000 சிதைவுகளில் ஒருமுறை ஃபோட்டான்களுக்குப் பதிலாக இரண்டு எலக்ட்ரான்-பாசிட்ரான் ஜோடிகள் வெளிவரும். ஜோடி விரியும் தளத்தில் தளவிளைவின் சுவடு தங்கியிருக்கும்.

அமெரிக்காவில் சாமியோஸ், பிளானோ, புரோடெல், சுவார்ட்ஸ், ஸ்டைன்பெர்கர் ஆகிய ஐவரும் திரவ ஹைட்ரஜன் நிரப்பிய குமிழி அறையில் பையான்களை உண்டாக்கி, படம் படமாகத் தேடி, அத்தகைய நிகழ்ச்சிகள் சுமார் 200-ஐப் பொறுக்கி எடுத்தார்கள். இரு ஜோடிகளின் தளங்களுக்கு இடைப்பட்ட கோணத்தை அளந்தார்கள். ஒவ்வொரு படமும் 90 பாகை காட்டவில்லை. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தபோது செங்குத்துப் பக்கமே சாய்ந்தது. முடிவு 1962-ல் வெளியாயிற்று. 2008-ல் ஃபெர்மி ஆய்வகத்தின் கேடெவ் குழு 30,000-க்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகளைக் கொண்டு அதையே உறுதி செய்தது.

ஆக, நான் விழித்த அன்றைக்கே விடை வந்து 12 வருஷம் ஆகியிருந்தது! தேடத்தான் எனக்குத் தோன்றவில்லை.

தம்பி, தங்கைகளே, அட்டவணையில் ஒரு குறியைப் பார்த்தால் மனப்பாடம் செய்வதோடு நின்றுவிடாதீர்கள். யார், எப்படிக் கண்டார்கள் என்று ஒரு தரம் கேளுங்கள். சார் இன்று நம்மிடையே இல்லை. அவருக்கு நான் சொல்ல வேண்டிய பதில் இது. கொஞ்சம் தாமதமாகிவிட்டது.