பேகம்பேட் விமான நிலையம்: பயணிகள் சென்றனர், ராணுவம் இருக்கிறது

ஹைதராபாத் நகரின் மையப் பகுதியில் அமைந்துள்ள பேகம்பேட் விமான நிலையத்துக்கு இன்று பயணச்சீட்டு வாங்கி எவரும் செல்ல இயலாது. ஆனால் பிரதமர், குடியரசுத் தலைவர் உள்ளிட்டோரின் சிறப்பு விமானங்கள் பல வேளைகளில் இங்கேயே தரையிறங்குகின்றன. இந்திய விமானப்படையின் வழிசெலுத்தல் பயிற்சிப் பள்ளி இந்த வளாகத்தை ஒட்டியே இயங்குகிறது. மூன்று கிலோமீட்டருக்கும் அதிக நீளமுள்ள ஓடுபாதை நல்ல நிலையில் உள்ளது.

நிஜாம் ஆட்சியின்போது 1930-களில் உருவானது இந்த நிலையம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் போர் விமானிகளுக்கான தொடக்கநிலைப் பயிற்சிப் பள்ளி இங்கு நடைபெற்றது. நிஜாம் அரசும் டாடா நிறுவனமும் இணைந்து 1945-இல் தொடங்கிய டெக்கான் ஏர்வேஸ் இதையே தலைமையிடமாகக் கொண்டிருந்தது. 1953-இல் அந்நிறுவனம் நாட்டுடைமையாகி இந்தியன் ஏர்லைன்ஸில் இணைந்தது. ஹைதராபாத் இந்தியாவுடன் இணைந்த பின்னர், 1949-இல் வருகை தந்த சர்தார் படேலை நிஜாம் கைகூப்பி வரவேற்ற புகழ்பெற்ற புகைப்படம் எடுக்கப்பட்டதும் இங்குதான்.

ஆக, ராணுவமும் பொதுமக்களும் ஒரே ஓடுபாதையைப் பகிர்ந்துகொள்வது பேகம்பேட்டுக்குப் புதிதன்று. நாட்டில் விசாகப்பட்டினம், கோவாவின் டபோலிம் ஆகியவை கடற்படைக்கும், புணே, ஸ்ரீநகர் ஆகியவை விமானப்படைக்கும் உரிய தளங்கள். அங்கெல்லாம் ஓடுபாதையும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடும் படையின் வசம் இருக்கும். பயணிகள் முனையத்தை மட்டும் இந்திய விமான நிலைய ஆணையம் நடத்தும். போர்ப் பயிற்சிக்கென ஒதுக்கப்பட்ட நேரத்தில் பயணிகள் விமானம் காத்திருக்க வேண்டும். பதற்றம் மூண்டால் முனையமே மூடப்படும். 2025 மே மாதம் வடக்கிலும் மேற்கிலும் 32 விமான நிலையங்களில் பயணிகள் சேவை நிறுத்தப்பட்டபோது, அவற்றில் பல இத்தகைய கூட்டுப் பயன்பாட்டுத் தளங்களாகவே இருந்தன. பேகம்பேட்டில் இந்த ஏற்பாடு தலைகீழானது. நிலையம் ஆணையத்தின் பொறுப்பில் உள்ளது. விமானப்படை அதன் ஓடுபாதையைப் பயன்படுத்துகிறது.

இங்கு பயணிகள் சேவை முடிவுக்கு வந்ததற்கு ராணுவம் காரணமன்று. ஓர் ஒப்பந்தமே காரணம். ஷம்ஷாபாத்தில் புதிய சர்வதேச விமான நிலையம் அமைக்க ஜி.எம்.ஆர். தலைமையிலான நிறுவனத்துடன் மத்திய அரசு 2004 டிசம்பரில் சலுகை ஒப்பந்தம் செய்துகொண்டது. புதிய நிலையம் திறக்கப்பட்டதும் பேகம்பேட்டில் வழக்கமான பயணிகள் விமானங்கள் நிறுத்தப்பட வேண்டும். 150 கிலோமீட்டர் வான்தொலைவுக்குள் 25 ஆண்டுகளுக்கு வேறு பயணிகள் விமான நிலையம் உருவாக்கப்படக் கூடாது என்பவை அதன் நிபந்தனைகள். பெரும் முதலீடு செய்வோர் போட்டிக்கு எதிராகப் பாதுகாப்புக் கோருவது இயல்பே. எனினும் அதற்கான விலையைக் கொடுத்தவர்கள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்கள் அல்லர். ஹைதராபாத், பெங்களூரு பழைய நிலையங்களை மூடுவதை எதிர்த்து ஆணையத்தின் ஊழியர்கள் 2008 மார்ச்சில் நாடு தழுவிய வேலைநிறுத்தம் செய்தனர். பலன் இல்லை. மார்ச் 23 நள்ளிரவு கடந்ததும் ஷம்ஷாபாத் செயல்படத் தொடங்க, பேகம்பேட் பயணிகளுக்கு மூடப்பட்டது. 'எச்.ஒய்.டி.' என்ற நகரக் குறியீடும் புதிய நிலையத்துக்குச் சென்றுவிட்டது. இரண்டு மாதங்களில் பெங்களூருவின் எச்.ஏ.எல். நிலையமும் அதே முடிவைச் சந்தித்தது.

அந்த 150 கிலோமீட்டர் வட்டம் மாநில எல்லையையும் கடந்தது. கர்நாடகத்தின் பீதரில் விமானப்படையின் பயிற்சித் தளம் உள்ளது. அங்கு ஓடுபாதை இருந்தது, பயணிகள் முனையமும் கட்டப்பட்டிருந்தது, விமானம்தான் வரவில்லை. ஹைதராபாத் ஒப்பந்தத்தின் வட்டத்துக்குள் பீதர் அமைந்திருந்ததே முக்கியத் தடை. இறுதியில் முனையத்தை நடத்தும் பொறுப்பு ஜி.எம்.ஆர். ஹைதராபாத் நிறுவனத்திடமே 2019-இல் ஒப்படைக்கப்பட்டது. தடைக்குக் காரணமான ஒப்பந்தத்தின் பயனாளியே நிர்வாகியான விசித்திரம் இது. உடான் திட்டத்தின் கீழ் 2020 பிப்ரவரி 7-இல் பெங்களூருவுக்கு முதல் சேவை தொடங்கியது. அதன்பின் நிறுவனம் மாறியது, சேவை இடையில் நின்றது, 2025 ஏப்ரலில் மீண்டும் தொடங்கியது. அனுமதி கிடைப்பது ஒன்று. போதிய பயணிகள் கிடைப்பது வேறு.

வாரங்கல் அருகே உள்ள மாமுனூர், 1981 வரை இயங்கிய நிஜாம் காலத்து விமான நிலையம். அதைப் புதுப்பிக்கவும் இதே நிபந்தனை குறுக்கே நின்றது. ஜி.எம்.ஆர். ஆட்சேபம் இல்லை எனத் தெரிவித்த பிறகே, 2025 பிப்ரவரி 28-இல் மத்திய அரசின் ஒப்புதல் கிடைத்தது. ஆதிலாபாத்தின் நிலை வேறு. அது வட்டத்துக்கு வெளியே உள்ளது. நிலமோ விமானப்படைக்கு உரியது. அங்கு பயணிகள் சேவையை அனுமதிக்க விமானப்படை 2025 ஏப்ரலில் இசைவு அளித்தது.

பேகம்பேட் இன்றும் வெறுமையாக இல்லை. விமானப் பயிற்சி நடைபெறுகிறது. விமானப் போக்குவரத்து ஆய்வு மையம் ஒன்றை 2024 மார்ச் 5-இல் பிரதமர் நரேந்திர மோடி நாட்டுக்கு அர்ப்பணித்தார். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை 'விங்ஸ் இந்தியா' கண்காட்சியும் இங்கு நடைபெறுகிறது. 2024 ஜனவரியில் ஏர் இந்தியாவின் முதல் ஏ350 விமானம் இங்குதான் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஒப்பந்தத்தின் 25 ஆண்டுக் காலம் 2033 மார்ச்சில் நிறைவடைகிறது.