அமெரிக்கக் காற்பந்தாட்டத் தற்காப்புப் புள்ளிவிபரங்கள்

அமெரிக்கக் காற்பந்தாட்டத் தற்காப்புப் புள்ளிவிபரங்கள் என்பன, பந்தைத் தம்வசம் கொண்டிராத அணியின் ஆட்டக்காரர்கள் எதிரணியின் முன்னேற்றத்தைத் தடுக்கும் செயல்களை எண்ணிக்கையாகப் பதிவு செய்பவை ஆகும். பந்தை எறிபவர், பிடிப்பவர், ஏந்தி ஓடுபவர் ஆகியோரின் ஆட்டத்தை யார்டுகளாலும் புள்ளிகளாலும் எளிதில் அளக்கலாம். தற்காப்பில் ஒரே நேரத்தில் பதினொருவர் ஈடுபடுவதால், ஒரு தடுப்பின் பெருமை எவரைச் சேரும் என்பதை ஒருவர் பார்த்து முடிவு செய்ய வேண்டியுள்ளது. எனவே இவ்வகைப் புள்ளிவிபரங்கள் விதிகளை மட்டுமன்றிக் கணக்கிடுபவரின் தீர்ப்பையும் சார்ந்துள்ளன.

முதன்மையான வகைகள்

டாக்கிள்: பந்தை வைத்திருப்பவரைப் பிடித்துத் தரையில் வீழ்த்துவது டாக்கிள் எனப்படும். ஒருவர் தனித்து வீழ்த்தினால் அது தனி டாக்கிள். பலர் சேர்ந்து வீழ்த்தினால் பங்கேற்றவருக்கு உதவி டாக்கிள் வழங்கப்படுகிறது. இரண்டையும் கூட்டி மொத்த டாக்கிள் எண்ணிக்கை காட்டப்படுகிறது. ஆட்டம் தொடங்கிய கோட்டுக்குப் பின்னாலேயே எதிராளி வீழ்த்தப்பட்டால் அது இழப்பு டாக்கிள் என்றும் தனியே குறிக்கப்படும்.

சாக்: பந்தை எறிய முனையும் குவாட்டர்பேக்கை, அவர் எறிவதற்கு முன்னர், தொடக்கக் கோட்டிலோ அதற்குப் பின்னாலோ வீழ்த்துவது சாக் ஆகும். இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஒவ்வொருவருக்கும் 0.5 சாக் வழங்கப்படும்.

இடைமறிப்பு: எதிரணி எறிந்த பந்து தரையைத் தொடுமுன் தற்காப்பு ஆட்டக்காரர் அதனைப் பிடிப்பது. பிடித்தவருக்கே இது சேரும்.

பாஸ் தடுப்பு: எறியப்பட்ட பந்தைத் தட்டிவிட்டு, உரியவர் பிடிக்க முடியாமற் செய்வது.

பந்து நழுவச் செய்தல், நழுவிய பந்தை மீட்டல்: இவை இரண்டும் தனித்தனிக் கணக்குகள். ஒருவர் பந்தை நழுவச் செய்து வேறொருவர் மீட்கலாம்.

சேஃப்டி: பந்து வைத்திருப்பவரை அவரது சொந்த இறுதிப் பகுதிக்குள் வீழ்த்துவது. இதற்குத் தற்காப்பு அணி 2 புள்ளிகள் பெறும்.

ஓர் எடுத்துக்காட்டு

குவாட்டர்பேக் பந்தை எறிய ஆயத்தமாகும்போது ஒரு தற்காப்பு ஆட்டக்காரர் அவரது கையிலிருந்து பந்தைத் தட்டி நழுவச் செய்கிறார். பந்து கோட்டுக்குப் பின்னால் விழுகிறது. இன்னொருவர் அதை எடுத்து ஓடி டச்டவுன் அடிக்கிறார். இங்கு முதலாமவருக்கு ஒரு சாக்கும், பந்தை நழுவச் செய்த கணக்கும் சேரும். இரண்டாமவருக்குப் பந்து மீட்பும் டச்டவுனும் சேரும். நடுவில் இரு எதிராளிகளைத் தன்மேல் இழுத்து, முதலாமவருக்கு வழி திறந்துவிட்ட மூன்றாமவருக்கு எதுவும் பதிவாகாது.

பங்கிடும் முறையில் உள்ள வேறுபாடு

சாக் கணக்கில் ஒரு வீழ்த்தலுக்கு ஒன்றுக்கு மேல் வழங்கப்படுவதில்லை. அது பகிரப்பட்டால் பாதியாகப் பிரிகிறது. மொத்த டாக்கிள் கணக்கிலோ ஓர் உதவி டாக்கிளும் முழு எண் ஒன்றாகவே கூட்டப்படுகிறது. இதனால் ஓர் அணியின் ஆட்டக்காரர்களுடைய டாக்கிள்களைக் கூட்டினால், உண்மையில் நிகழ்ந்த வீழ்த்தல்களைவிட அதிகமான எண் வரக்கூடும். ஒரே காட்சியைப் பார்க்கும் இருவரில் ஒருவர் அதைத் தனி டாக்கிளாகவும் மற்றவர் உதவி டாக்கிளாகவும் எழுதக்கூடும். என்.எஃப்.எல். சாதனைப் பட்டியல்களில் டாக்கிள் நெடுங்காலம் இடம்பெறாமல் இருந்ததை இப்பின்னணியில் நோக்கலாம்.

சாக்கினால் இழக்கப்படும் யார்டுகளின் கணக்கும் இடத்துக்கு இடம் மாறுபடும். என்.எஃப்.எல். இவற்றை அணியின் எறிதல் யார்டுகளிலிருந்து கழிக்கிறது. கல்லூரி ஆட்டங்களில் இவை ஓட்ட யார்டுகளிலிருந்து கழிக்கப்படுகின்றன. ஆகவே இரு நிலைகளின் அணிக் கணக்குகளையும் நேரடியாக ஒப்பிடுதல் தவறான முடிவுக்கு இட்டுச் செல்லும்.

கணக்கிடுவோர்

என்.எஃப்.எல். ஆட்டங்களில் அரங்கில் அமர்ந்திருக்கும் புள்ளிவிபரக் குழு ஒவ்வொரு ஆட்ட நகர்வையும் உடனுக்குடன் பதிவு செய்கிறது. பின்னர் கூட்டமைப்பின் அதிகாரபூர்வப் புள்ளிவிபர நிறுவனமான எலியாஸ் இசுப்போர்ட்சு பியூரோ ஒளிப்பதிவுகளைப் பார்த்துத் திருத்தங்களை வெளியிடுகிறது. ஆட்டம் முடிந்து சில நாட்களுக்குப் பின் ஒருவரது சாக் பறிபோவதும் வேறொருவருக்குச் சேர்வதும் உண்டு. ஒப்பந்தங்களில் ஊக்கத்தொகை சாக் எண்ணிக்கையுடன் இணைக்கப்படுவதால், அரைச் சாக் கூட ஓர் ஆட்டக்காரரின் வருமானத்தைப் பாதிக்கலாம்.

வரலாறு

தற்காப்பு ஆட்டக்காரர்களின் இடைமறிப்புகள் 1940 முதல் பதிவாகி வருகின்றன. 1952 இல் லாசு ஏஞ்சலசு ராம்சு அணியின் டிக் லேன், 12 ஆட்டங்களே கொண்ட பருவத்தில் 14 இடைமறிப்புகள் செய்தார். வாழ்நாள் எண்ணிக்கையில் பால் கிரவுசு 81 இடைமறிப்புகளுடன் முதலிடம் பெற்றார்.

சாக் என்னும் சொல்லைப் பரவச் செய்தவர் 1960களில் ராம்சு அணிக்கு ஆடிய டீக்கன் சோன்சு. எனினும் தனியாட்களின் சாக் எண்ணிக்கை 1982 இல்தான் என்.எஃப்.எல். அதிகாரபூர்வக் கணக்கில் சேர்க்கப்பட்டது. இதனால் சோன்சின் அதிகாரபூர்வச் சாக் எண்ணிக்கை சுழியம் ஆகும். 1981 இல் ஆடத் தொடங்கிய லாரன்சு டெய்லரின் அதிகாரபூர்வ எண்ணிக்கை 132.5. அவரது முதல் பருவத்தின் 9.5 சாக்குகள் இதில் அடங்கா. 1985 முதல் 2003 வரை ஆடிய புரூசு இசுமித் 200 சாக்குகளை எட்டினார்.

பழைய ஆட்டக் குறிப்புகளையும் ஒளிப்பதிவுகளையும் ஆய்ந்து தொகுக்கப்பட்ட 1960–1981 காலத்துச் சாக் எண்ணிக்கைகளை 2021 இல் புரோ புட்பால் ரெஃபரன்சு இணையத்தளம் வெளியிட்டது. அதன்படி சோன்சு 173.5 சாக்குகள் செய்துள்ளார். டெட்ராய்ட் லயன்சு அணியின் ஆல் பேக்கர் 1978 இல் ஒரே பருவத்தில் 23 சாக்குகள் செய்துள்ளார். இவை அதிகாரபூர்வமானவையாக ஏற்கப்படவில்லை.

சர்ச்சைகள்

2001 ஆம் ஆண்டுப் பருவத்தில் நியூயார்க் ஜயன்ட்சு அணியின் மைக்கேல் இசுட்ராகன் 22.5 சாக்குகள் எடுத்து, 1984 இல் மார்க் காசுட்டினோ நிறுவிய 22 என்னும் சாதனையை முறியடித்தார். இறுதிச் சாக்கின்போது கிரீன்பே பாக்கர்சு குவாட்டர்பேக் பிரெட் ஃபாவ் எதிர்ப்பின்றித் தாமே கீழே சாய்ந்ததாகப் பலர் குறை கூறினர். எனினும் விதிப்படி அது சாக்கே ஆகும். எதிராளி எவ்வளவு முயன்றார் என்பதை விதி கேட்பதில்லை.

பிட்சுபர்க் இசுட்டீலர்சு அணியின் டி. சே. வாட் 2021 ஆம் ஆண்டுப் பருவத்தில் இதே 22.5 ஐச் சமன் செய்தார். 2022 சனவரி 9 அன்று பால்டிமோர் ரேவன்சு அணிக்கெதிரான ஆட்டத்தில் அவர் குவாட்டர்பேக்கை வீழ்த்திய நகர்வொன்று சாக்காக ஏற்கப்படவில்லை. தொடக்கத்தில் பந்து குவாட்டர்பேக்கின் கைக்குச் சரியாக வந்து சேராததால், அது எறிதல் முயற்சி அன்று எனத் தீர்மானிக்கப்பட்டது. அது ஏற்கப்பட்டிருந்தால் இசுட்ராகனின் சாதனை அன்றே முறிந்திருக்கும்.

குறைபாடுகள்

திறமை மிக்க கார்னர்பேக் காக்கும் பக்கம் பந்தை எறியவே எதிரணி தயங்கும். அதனால் அவரது இடைமறிப்புகளும் பாஸ் தடுப்புகளும் குறைந்து காணப்படலாம். மாறாக, தற்காப்பு வலுவற்ற அணி நெடுநேரம் களத்தில் நிற்பதால் அதன் லைன்பேக்கர்கள் அதிக டாக்கிள்களைப் பெறலாம். ஓர் அணி விட்டுக்கொடுத்த புள்ளிகள் என்னும் கணக்கில், அதன் குவாட்டர்பேக் எறிந்து எதிராளி இடைமறித்து அடித்த டச்டவுனும் அடங்கும். ஆகவே தற்காப்பு ஆட்டத்தை மதிப்பிடுவோர் எண்ணிக்கைகளுடன் ஆட்டத்தின் ஒளிப்பதிவையும் நோக்குகின்றனர்.

இவற்றையும் பார்க்கவும்

அமெரிக்கக் காற்பந்தாட்டம்
குவாட்டர்பேக்
லைன்பேக்கர்