நத்ரா: ஒரு வளர்ப்பு மகளின் வழக்கு



வேற்றினத்துப் பிள்ளையை எடுத்து வளர்க்கலாமா என்று ஜவ்வாது மலையடிவாரத்து ஊர்களில் குழந்தைப் பேறற்ற தம்பதியர் நம்மிடம் வினவுவதுண்டு. வளர்ப்பதற்கு மார்க்கத்தில் தடையில்லை. பாரசீக வழிவந்த ஸாலிமை (ரலி) அபூ ஹுதைஃபா (ரலி) மகனாகவே ஏற்றிருந்தார். வம்சத்தை மறைப்பதற்குத்தான் தடை. அல்அஹ்ஸாப் அத்தியாயத்தின் 5ஆம் வசனம் அருளப்பட்டதும், அதுவரை ‘முஹம்மதின் மகன்’ என அழைக்கப்பட்ட ஸைத் (ரலி) மீண்டும் ஹாரிஸாவின் மகன் ஸைத் ஆனார். நபியவர்கள் (ஸல்) அவர்மீது கொண்ட அன்பு அதனால் அணுவளவும் குறையவில்லை.

இக்கட்டளையின் ஆழத்தை நமக்கு உணர்த்துவது 1950ஆம் ஆண்டின் சிங்கப்பூர் வழக்கு ஒன்று.

மரியா ஹெர்டோக் 1937இல் ஜாவாவில் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தாள். தந்தை டச்சுப் படைவீரர். ஜப்பானியர் அவரைச் சிறைபிடித்தபின், 1942ஆம் ஆண்டின் இறுதியில், தாய் அடிலைன் ஐந்து வயது மரியாவை ஆமினா என்னும் மலாய்ப் பெண்மணியிடம் ஒப்படைத்தார். தத்தாகவே தந்தார் என்றார் ஆமினா. சில நாள்களுக்கு மட்டுமே விட்டதாகக் கூறினார் அடிலைன். நம் பார்வையில் துயரம் முழுவதும் இங்கேயே தொடங்குகிறது. (இன்று நம் நாட்டில் ஆதரவற்ற பிள்ளையைச் சட்ட நடைமுறைக்கு வெளியே வாங்கி வருவது தண்டனைக்குரியது. 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டப்படி நீதிமன்றம் வழியே பாதுகாவலராகலாம். சிறார் நீதிச் சட்டத்தின்கீழ் எம்மதத்தவரும் தத்தெடுக்கலாம் என 2014இல் ஷப்னம் ஹாஷ்மி வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியது. வம்சத்தைப் பேண விழைவோர்க்கு முன்னதே பொருந்தும் என்பது நம் கருத்து.)

ஆமினா சிறுமிக்கு நத்ரா பின்த் மஅரூஃப் எனப் பெயரிட்டு, திரங்கானு மாநிலத்தின் கெமாமானில் மலாய் முஸ்லிம் மகளாக வளர்த்தார். டச்சு மொழி அவளுக்கு அறவே மறந்துபோயிற்று. அவ்வளர்ப்பின் அன்பில் குறைகாண இடமில்லை. பெயர் மட்டும் பெற்ற தந்தையைச் சுட்டவில்லை.

போர் முடிந்தபின் பெற்றோர் மகளைத் தேடினர். வழக்கு சிங்கப்பூருக்கு வந்தது. 1950 ஜூலையில் மேல்முறையீட்டில் ஆமினா வென்றார். நான்கே நாள்களில், ஆகஸ்ட் 1 அன்று, 13 வயது நத்ராவுக்கும் மன்சூர் அதபி என்னும் ஆசிரியருக்கும் நிக்காஹ் நடத்தப்பட்டது. வழக்கில் சிக்கிய ஒரு சிறுமிக்கு அந்த அவசரம் நன்மை செய்ததாக நாம் கருதவில்லை. டிசம்பர் 2 அன்று நீதிபதி பிரவுன் அத்திருமணம் செல்லாது என்றும், பிள்ளை பெற்றோருக்கே உரியவள் என்றும் தீர்ப்பளித்தார். அவளைக் கன்னியர் மடத்தில் வைத்தனர். அங்கு மேரியின் சிலைமுன் அவள் இருக்கும் படங்கள் நாளேடுகளில் வெளிவந்தன. முஸ்லிம்கள் கொதித்தெழுந்தனர்.

நேதாஜியின் ஆஸாத் ஹிந்த் அரசில் ஆலோசகராயிருந்த தமிழ் முஸ்லிம் பத்திரிகையாளர் கரீம் கனி, நத்ராவுக்கான நடவடிக்கைக் குழுவுக்குத் தலைமையேற்றார். டிசம்பர் 11 அன்று மேல்முறையீடு தள்ளுபடியானதும் கலவரம் மூண்டது. மூன்று நாள்களில் 18 பேர் மாண்டனர். 173 பேர் காயமுற்றனர். கரீம் கனி தடுப்புக்காவலில் வைக்கப்பட்டார். சமூகத்தின் வேதனை உண்மையானது; ஆயினும் ஐரோப்பியராகத் தோன்றியவரையெல்லாம் தெருவில் தாக்கியதை எந்த வேதனையும் ஹலாலாக்காது.

கலவரம் அடங்குமுன், டிசம்பர் 12 அன்றே நத்ரா விமானமேற்றப்பட்டாள். ஆமினா 1976இல் வஃபாத்தானார். மரியா என்னும் பெயருடனேயே வாழ்ந்த அவர் 2009 ஜூலை 8 அன்று நெதர்லாந்தில் இறந்தார்.